கணனி கனவு காணுமா? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

தரம் 4, 5 பிள்ளைகள் இந்தக் கிழமை உங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கணனி அறையில் ஒரு திரை தானாக இருண்டது. "ரீச்சர், அது நித்திரை கொள்ளுதா?" என்றது ஒரு பிள்ளை. "அப்ப கனவும் காணுமோ?" என்றது பக்கத்துப் பிள்ளை. சின்னப் பிள்ளைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நல்ல கேள்வி அது.

நேரான பதில்: இல்லை. திரை இருண்ட கணனி, செய்துகொண்டிருந்த வேலையை நினைவகத்தில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். நித்திரையில் எங்கள் மூளை அப்படி நிற்பதில்லை. 1994இல் அமெரிக்காவில் எலிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். எலி விழித்து நடமாடியபோது மூளையில் சேர்ந்து இயங்கிய அதே கலங்கள், பிறகு அது நித்திரை கொண்டபோதும் சேர்ந்து இயங்கின. இந்த எலிக் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வகுப்பில் சொன்னபோது ஒரு சத்தம் இல்லை.

கணனிக்காரரும் இதுபோல ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 2015இல் வீடியோ விளையாட்டுப் பழகிய ஒரு கணனி நிரல், தான் ஆடியவற்றைச் சேமித்து வைத்து, எழுந்தமானமாக எடுத்துத் திரும்பத் திரும்பக் கற்றது. அதே ஆண்டு கூகுள் வெளியிட்ட 'டீப் டிரீம்' என்ற நிரல், சாதாரணப் படங்களுக்குள் நாய் முகங்களை வரைந்து தள்ளியது. அதைப் பழக்கிய படங்களில் நாய்கள் நிறைய. கனவின் சாயல் இதில் உண்டுதான். ஆனால் அதைக் கண்டு பயப்படவோ சந்தோஷப்படவோ உள்ளே ஒருவர் இருப்பதற்கு இதுவரை சான்று இல்லை. போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டால் அழகான கனவொன்றை எழுதித் தரவும் கூடும். மனிதர் எழுதியவற்றில் பழகி அது கோர்க்கும் சொற்கள் அவை என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. கணனியைப் பற்றிக் கதைத்த பிள்ளைகள் அப்புறம் தங்கள் கனவுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். குளத்துக்குள் யானை, பறக்கிற சைக்கிள், செத்துப்போன அம்மம்மா. சிலர் மட்டும், "கெட்ட கனவை வெளியில சொல்லக்கூடாதாம்" என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. 2009இல் வன்னியில் பிள்ளைகளாக இருந்த பலர் இன்று பெற்றோர். யாரிடமும் சொல்லாத கனவுகள் எங்களுக்கே இருக்கின்றன. அதற்காகப் பிள்ளையின் வாயை மூட வேண்டாம். காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம், "இரவு என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். பல்லு விழுந்தால் இழவு என்று பலன் பார்க்காதீர்கள். சும்மா கேளுங்கள், போதும். சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

அடிக்கடி பயந்து அலறி விழிக்கிற பிள்ளை என்றால், தயங்காமல் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ வந்து கதையுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அலுவலகத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அதிபர்