பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களின் பத்தாண்டுத் திட்டங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்மார்ட் வகுப்பறை, செயற்கை நுண்ணறிவு எல்லாம் இருந்தது. போர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. நம்ம திருநெல்வேலிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். 2022 பிப்ரவரி வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகள் அப்போது உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது வெளியேறுங்கள் என்று மார்ச் 2ஆம் தேதி நம் தூதரகம் அறிவித்தது. நடந்தாள். தோள்பையில் பாஸ்போர்ட் இருந்தது. மதிப்பெண் பட்டியல் இல்லை. ஊர் வந்து சில வாரங்களில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. பேராசிரியை நிலவறையில் உட்கார்ந்து பாடம் எடுப்பார், பின்னால் தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருக்கும். செப்டம்பரில், வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டது. மாறப்போன இடத்தில் முதலில் கேட்டதே பழைய மதிப்பெண்களைத்தான். கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடந்த அந்தக் கார்கிவ் கல்லூரியிலிருந்து நாலே நாளில் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. பதிவேடுகளின் நகலை வேறு ஊரில் வைத்திருந்தார்களாம். பட்டறிவுதான்: 2014இல் போர் காரணமாகத் தோனெத்ஸ்க் பல்கலைக்கழகமே வின்னித்சியாவுக்குக் குடிபெயர்ந்த நாடு அது.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளக் கணினி அறை மூழ்கியது. பேக்கப் எடுத்தீர்களா என்றேன். வாரம் தவறாமல் எடுத்தோம் என்றார்கள். அந்த ஹார்டு டிஸ்க் அதே அறையில், பீரோவின் கீழ்த்தட்டில்! ஆற்றுத் தண்ணீருக்கே இந்தக் கதி.

கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதனை மையமும் இருக்கிற மாவட்டம் இது. 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றிலேயே தீநிரல் (வைரஸ் போன்றது) புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டுக்குத் தனி இணைப்பு, ஆபத்தில்லை என்றார்கள். சரி, நம் தேர்வுத்துறைக் கணினிகளுக்குத் தனி இணைப்பு உண்டா?

சான்றிதழ்களை இணையத்தில் சேமிக்க அரசின் டிஜிலாக்கர் இருக்கிறதே என்பவர்களுக்கு: படித்து முடித்தவர்களுக்கு அது போதும். நாலாவது செமஸ்டர் நடுவில் நிற்கும் பிள்ளையின் இன்டர்னல் மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் எங்கே இருக்கின்றன?

துணைவேந்தர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் சர்வரை அணைத்துவிட்டு, வெளியூர் நகலை மட்டும் வைத்து ஒரு மாணவருக்கு மதிப்பெண் பட்டியல் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

என் மகளின் பட்டியல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று தென்காசியில், என் தங்கச்சி வீட்டு மாடியில்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை ஒருவர்,
பாளையங்கோட்டை