சிறார் விளையாட்டுக் குழுக்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் தன்னார்வலர்களாகச் சிறார் விளையாட்டுக் குழுக்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

வேலையும் வீடும் போக மிஞ்சும் நேரத்தை எங்கள் பிள்ளைகளுக்காகச் செலவிடும் உங்களைக் குற்றம் சாட்ட நான் இதை எழுதவில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தில் அறநிறுவனங்களுக்கான 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்றுவிட்டதாலேயே குழுவின் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று நீங்களும் பெற்றோராகிய நாங்களும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் கவலை.

நிதி திரட்டும் விற்பனையில் ஒரு குடும்பம் எவ்வளவு ஈட்டித் தந்ததோ, அந்த அளவை அக்குடும்பத்துப் பிள்ளையின் கட்டணத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபட்டவருக்குப் பலன் என்று பார்த்தால் அது நியாயமாகத்தான் படுகிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், பொதுநலனுக்காக என்று சொல்லித் திரட்டிய பணம் விற்ற குடும்பத்துக்கே திரும்பிப் போகுமானால், அதைத் தனியார் ஆதாயமாகவே சட்டம் கருதுகிறது. வெர்ஜீனியாவைச் சேர்ந்த கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் குழு விற்பனைக்கேற்பக் குடும்பங்களுக்குப் புள்ளி தந்து அதைக் கட்டணத்தில் கழிக்கும் இத்தகைய முறையால்தான் வரிவிலக்கை இழந்தது. வரித்துறையின் அந்த முடிவு சரியே என்று 2013இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே எவரும் பணத்தைத் திருடவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விற்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே அணியில்தான் ஆடுகிறது. திரட்டிய தொகையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செலவிடுவதே முறை.

அடுத்தது ஆண்டறிக்கை. ஆண்டு மொத்த வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மேற்படாத குழுக்கள் 990-என் என்னும் சுருக்கமான மின்படிவத்தைத் தாக்கல் செய்தால் போதும். அதையும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே நீங்கிவிடும். பொருளாளர் ஆண்டுதோறும் மாற, வரித்துறையின் கடிதங்களோ பழைய பொருளாளரின் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும் குழுக்களில் இது நடக்க எவரும் தவறு செய்ய வேண்டியதில்லை.

தாக்கல் செய்துவிட்டாலும், அச்சிறு படிவத்தில் குழுவின் பெயர், முகவரி, பொறுப்பாளர் போன்ற விவரங்கள்தான் இருக்குமே தவிர, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பது இராது. ஆகவே வரித்துறை கேட்காததை நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. காசோலையில் கையெழுத்திடுபவரே வங்கி அறிக்கையையும் சரிபார்ப்பவராக இருக்கக் கூடாது. கையெழுத்து அதிகாரம் இல்லாத ஓர் உறுப்பினர் மாதந்தோறும் அதைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். இதை அவநம்பிக்கை என்று கொள்ளாதீர்கள். நாளை ஒரு சந்தேகம் எழுந்தால் பொருளாளரைக் காப்பது அந்த ஒப்பம்தான்.

வரிவிலக்கு விண்ணப்பத்தைக் கேட்பவர் எவருக்கும் காட்ட வேண்டியது ஏற்கெனவே உங்கள் சட்டக் கடமை. அதனுடன் கடந்த ஆண்டின் வரவு செலவுக் கணக்கையும் சேர்த்து, அடுத்த பருவத்துக்கான கட்டணத்தை எங்களிடம் கேட்பதற்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் விளையாடும் ஒரு பிள்ளையின் பெற்றோர்