விலை இறங்கும் நாட்களில் நம் கோபம் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் விலை உயர்வு குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆளுங்கட்சியைச் சாடுவோர் ஒருபுறம், முந்தைய ஆட்சியின் மீது பழிபோடுவோர் மறுபுறம், எண்ணெய் நிறுவனங்களின் பேராசையே எல்லாவற்றுக்கும் மூலம் என்போர் இடையில் என்று வாதம் நடக்கிறது. மூன்று தரப்பாரின் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் விலை ஏறும் நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில், விலை இறங்கும் நாட்களில் நம் பையிலிருந்து போகும் பணத்தைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெட்ரோலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சினம் என்பது புரியாத புதிரன்று. காப்பீட்டுத் தவணை உயர்ந்தால் ஆண்டுக்கொருமுறை தெரியவருகிறது. மருந்தின் விலை உயர்ந்தால் நோய் வந்த அன்று தெரியவருகிறது. பெட்ரோல் விலையோ சாலையோரத்தில் ஆளுயரப் பலகையில் இரவும் பகலும் ஒளிர்கிறது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை. 1989 பிப்ரவரியில் வெனிசுலாவில் பெட்ரோல் விலையும் அதையொட்டிப் பேருந்துக் கட்டணமும் ஏறியபோது தலைநகர் காரகாஸ் கலவரத்தில் மூழ்கியது. 2012 ஜனவரியில் நைஜீரிய அரசு எரிபொருள் மானியத்தை ஒரே நாளில் நீக்கியது. நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்குப் பின் விலையை ஓரளவு குறைக்க நேர்ந்தது. 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் மேலங்கியுடன் சாலைச் சந்திப்புகளில் திரண்டவர்கள், திட்டமிடப்பட்டிருந்த எரிபொருள் வரி உயர்வை அடுத்த மாதமே கைவிட வைத்தார்கள். ஆட்சியாளர்கள் அந்தப் பலகைக்கு அஞ்சுவதில் வியப்பில்லை.

அஞ்சுகிறவர்கள் பழியை அடுத்தவர் தலையில் கட்டுவதும் இயல்புதான். அமெரிக்காவில் இது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் அங்கு ஒரு காலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) பெட்ரோலின் தேசியச் சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியது. அதிபர் பைடன் விலையைச் சுட்டிக்காட்டி, இது தாம் செய்த வேலை என்று சொல்வதுபோன்ற ஒட்டுப்படங்கள் பெட்ரோல் நிலையங்களில் தென்பட்டன. பைடனோ இது உக்ரைன் மீது படையெடுத்த புதினால் வந்த விலை உயர்வு என்றார். பிறகு எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தைச் சாடினார். இதே நாட்டில் 2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற நியூட் கிங்ரிச், காலன் இரண்டரை டாலருக்குக் கிடைக்க வழிசெய்வதாக வாக்களித்தார். அவர் வேட்பாளராகக்கூட ஆகவில்லை. ஆயினும் 2016-இன் தொடக்கத்தில் விலை 2 டாலருக்கும் கீழே போயிற்று. 2020 ஏப்ரலில் நடந்தது இதைவிட வேடிக்கை. மலிவான பெட்ரோலை மக்களுக்குக் கிடைத்த வரிக் குறைப்புக்கு ஒப்பிட்டு மகிழ்ந்துவந்த அதிபர் டிரம்ப், பெருந்தொற்றால் விலை சரிந்து உள்நாட்டு உற்பத்தியாளர்கள் திவாலாகும் நிலை வந்ததும், சவுதி அரேபியாவையும் ரஷ்யாவையும் வற்புறுத்தி, நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கும் உடன்பாட்டுக்குத் துணைநின்றார். அதாவது விலையை ஏற்றுவதற்கு! அப்படியும் அந்த மாதம் 20-ஆம் தேதி அமெரிக்க முன்பேரச் சந்தையில் (பின்னர் பெறப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் சந்தை) கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே 37.63 டாலர் வரை சென்றது. எண்ணெயை எடுத்துச் செல்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஓர் அரசின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த நிகழ்ச்சிகளே காட்டிவிடுகின்றன. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் எந்த அரசும் அவ்வளவு திறமை பெற்றுவிடவில்லை. நிதி நெருக்கடியில் உலகத்தின் தேவை சுருங்கியது, அவ்வளவுதான். 2022-இல் பைடன் அரசு தன் அவசரக் கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாயை ஆறு மாதங்களில் சந்தைக்கு விடுவதாக அறிவித்தது. கேட்பதற்குப் பெரிய எண். உலகம் ஒரு நாளில் செலவழிப்பது ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் அது இரண்டு நாள் செலவுக்கும் போதாது. மத்திய அரசின் பெட்ரோல் வரியை மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம் என்றும் அவர் கேட்டார், நாடாளுமன்றம் இசையவில்லை. இசைந்திருந்தாலும், 1993 முதல் மாறாதிருக்கும் அந்த வரி காலனுக்கு 18.4 சென்ட் மட்டுமே.

ஆகவே அரசுகள் குற்றமற்றவை என்று சொல்ல வருகிறேன் என யாரும் எண்ண வேண்டாம். கச்சா எண்ணெய் ஏறுவதற்கு அவை பெரும்பாலும் பொறுப்பல்ல. ஆனால் அது இறங்கியபின் நடப்பதற்குப் பொறுப்பு உண்டு.

கச்சா எண்ணெய் ஏறினால் பெட்ரோல் விலை ராக்கெட்டைப் போல எழும்பும், கச்சா எண்ணெய் இறங்கினால் பறவையின் இறகைப் போல மெல்ல ஆடி ஆடி இறங்கும் என்று பொருளியலாளர்கள் சொல்வதுண்டு. பிரிட்டன் சந்தையை வைத்து 1991-இல் கவனப்படுத்தப்பட்ட இந்தப் போக்கு பிறகு பல நாடுகளிலும் ஆராயப்பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லையென்றாலும், பல இடங்களில் உண்மையென்றே தெரிகிறது. இதற்கு விற்பனையாளர்களின் கூட்டுச்சதிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. விலை ஏறும்போது நாம் நான்கு நிலையங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அண்டைவீட்டாரிடம் விசாரிக்கிறோம், சில காசு குறைவாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறோம். விலை சற்றே இறங்கியதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, வழியில் கண்ட முதல் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறோம். வாங்குபவன் ஒப்பிடுவதை நிறுத்திய பிறகு விற்பவன் எதற்காக அவசரப்பட்டுக் குறைக்க வேண்டும்? நேற்று 100 விற்றது இன்று 97 என்றால் நமக்கு மகிழ்ச்சி. அடக்கவிலைப்படி அது 91 ஆக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் எவருமில்லை. நம் கோபம் தீர்ந்துபோகும் அந்த வாரங்களில்தான் மிச்சமான ஆறு நமக்குத் தெரியாமல் வேறொருவர் பைக்குப் போகிறது.

அந்த வேறொருவர் சில வேளை வியாபாரி. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, பல்பொருள் அங்காடிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்களின் லாப அளவு 2019-க்கும் 2022-க்கும் இடையில் லிட்டருக்கு 6 பென்ஸ் கூடியது என்றும், 2022-இல் மட்டும் அதனால் வாகன ஓட்டிகளுக்கு ஏறத்தாழ 90 கோடி பவுண்டு கூடுதல் செலவு என்றும் கண்டறிந்தது. சில வேளை அந்த வேறொருவர் அரசேதான். 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேலிருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தபோது, இந்தியாவில் 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. விலைப்பலகையில் அந்தச் சரிவுக்கேற்ற மாற்றம் தெரியவில்லை. அதனால் பெரிய கலகமும் எழவில்லை. சரிவில் கணிசமான பங்கு கருவூலத்துக்குப் போயிற்று. சாலை, நலத்திட்டம் என்று அதற்கு நியாயம் சொல்ல முடியும், சொல்லட்டும். ஏறும்போது உலகச் சந்தையைக் கைகாட்டும் வாய்கள், இறங்கும்போது உலகச் சந்தை என்ற சொல்லையே மறந்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விலையைக் கட்டுப்படுத்துங்கள் என்று பொத்தாம்பொதுவாக முழங்குவதைவிட, செய்யக்கூடியதைக் கேட்பது நல்லது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் பெரும்பாலான நிலையங்கள் மறுநாள் விலையை முதல்நாள் பிற்பகலிலேயே அரசுக்குத் தெரிவித்து, 24 மணி நேரம் அதை மாற்றாமல் விற்க வேண்டும்; எந்த நிலையத்தில் என்ன விலை என்பதை மக்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்திரியா 2011-இல் நாளுக்கு ஒருமுறை, நண்பகலில் மட்டுமே விலையை ஏற்றலாம், குறைப்பதை எந்நேரமும் செய்யலாம் என்று விதித்தது. ஜெர்மனியில் 2013 முதல் விலை மாற்றங்களை நிலையங்கள் உடனுக்குடன் போட்டிக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அத்தகவல் கைப்பேசிச் செயலிகள் வழியே எல்லோருக்கும் போகிறது. இவற்றால் பெட்ரோல் பாதி விலைக்கு வந்துவிடவில்லை, வரவும் போவதில்லை. ஆனால் இறகு விழும் வேகத்தை யாரோ ஒருவர் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமாவது அங்கே உண்டாகியிருக்கிறது.

என் பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். டீசல் ஏறியதும் வாடிக்கையாளர்களுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் விதித்துக் கடிதம் அனுப்புவது என் வேலை. ஒரு வாரத்துக்குமேல் தாமதித்ததாக நினைவில்லை. டீசல் இறங்கியபோது அக்கட்டணத்தைக் குறைத்து எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "யாராவது கேட்டார்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. கட்டணம் அப்படியே நின்றது. அடுத்த முறை டீசல் ஏறியபோது, நின்றிருந்த கட்டணத்தின் மீதே புதிய கட்டணம் ஏறியது. அந்தக் கடிதங்களிலெல்லாம் கையொப்பமிட்டவன் நானே என்பதால் மற்றவர்களை மட்டும் குற்றம்சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை ஏறும் நாளன்று முதல் பக்கத்தில் செய்தி வெளியிடுகிறீர்கள்; அது தேவைதான். வாரந்தோறும் ஒரு சிறு கட்டத்தில், கச்சா எண்ணெய் விலை, பெட்ரோலின் சில்லறை விலை, அதிலுள்ள வரி ஆகிய மூன்று எண்களையும் சென்ற வார எண்களுடன் அடுத்தடுத்து அச்சிட முடியுமா? குறிப்பாக, கச்சா எண்ணெய் சரியத் தொடங்கி எல்லோரும் வேறு செய்திக்குப் போய்விட்ட பிறகும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்