குர்லா எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

2025 மே 17, சனிக்கிழமை. மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் கன்ஸ் அன்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பார்த்துவிட்டேன். முப்பது வருச ஆசை.

பள்ளிக்கூடம் படிக்கும்போது திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு செகண்ட்ஸ் டி-சர்ட் வாங்கினேன். ஒரு சிலுவை, அதில் ஐந்து மண்டை ஓடுகள். கலர் ஒன்று ரெண்டு நூல் தள்ளி விழுந்திருந்ததால் எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்டிருந்தார்கள். இது யாரு என்னன்னு விசாரித்துப் போய்த்தான் அவர்கள் பாட்டுக் கேட்டேன். இன்றைக்கு நானும் பிரிண்டிங் டேபிளில்தான் நிற்கிறேன். 2012இல் அவர்கள் பெங்களூரு வந்தபோது கிடார் வாசிக்கும் ஸ்லாஷ் குழுவில் இல்லை, அதனால் போகவில்லை. 1996இல் பிரிந்துபோனவர் 2016இல்தான் திரும்பிச் சேர்ந்தார்.

ஷிப்மென்ட் நேரத்தில் நாலு நாள் லீவு கேட்க எனக்கு வாயே வரவில்லை. "போயிட்டு வா தம்பி, டேபிளை நான் பாத்துக்கறேன்" என்று எனக்காக முதலாளியிடம் பேசிய மாஸ்டர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. டிக்கெட் போட்டுக் கொடுத்த அக்கா மகளுக்கும், ரெண்டு நாளைக்குக் கெடாமல் புளிச்சோறு கட்டிக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. தாராவியில் பத்துக்குப் பத்து வீட்டில் எனக்குக் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுத்த சின்னம்மாவுக்கு என்ன சொல்லுவேன்!

ரேஸ்கோர்ஸ் வாசலில் போன் அணைந்துவிட்டது. டிக்கெட் அதற்குள்தான் இருந்தது. பாஷை தெரியாமல் முழித்தவனை உட்காரவைத்து, சார்ஜ் போட்டுக் கொடுத்து, காசே வாங்காமல் அனுப்பிய வடாபாவ் கடைக்காரருக்கு இந்த மடல் எட்டாது. யாராவது மராத்தியில் சொல்லிவிடுங்கள். உள்ளே, நரம்பு சுருட்டிய என் காலைப் பார்த்துவிட்டு, கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்கத் தன் இடத்தையே கொடுத்தான் ஒரு பையன். என் மகன் வயசுதான் இருக்கும்.

குழுவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பாடகர் ஆக்ஸல் ரோஸுக்கு அன்றைக்கு 63 வயது. 1987இல் வந்த முதல் ஆல்பத்தில் கேட்ட குரல் இப்போது இல்லை. உச்சத்துக்குப் போகிற இடங்களில் மெலிந்து தேய்ந்தது, அடுத்த வரியைக் கூட்டம்தான் தாங்கிப் பிடித்தது. எனக்கு மனசு கனத்துப் போச்சு. ஆனால் அவர் எந்தப் பாட்டையும் தட்டிக் கழிக்கவில்லை. வராத இடத்தையும் முட்டிப் பார்த்தார். 'நவம்பர் ரெயின்' பாட்டுக்குப் பியானோ முன்னால் உட்கார்ந்தபோது பக்கத்துப் பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஸ்லாஷ் வாசிக்க ஆரம்பித்தார். தொப்பிக்குக் கீழே முடியிலிருந்து வேர்வை கிடார் மேல் சொட்டுவது திரையில் பெரிதாகத் தெரிந்தது. 59 வயசிலும் அந்த விரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லைங்க. நான் அழுதுவிட்டேன்.

குரல் குறைந்த பிறகு போய் எதுக்கு என்று சிலர் கேட்டார்கள். அந்தக் குரலோடுதானே நானும் இத்தனை வருசம் வயசானேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் திருப்பூர் ஸ்டேஷனுக்கு மாஸ்டர் அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனாலும் பையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தொப்பிக்காரரு வாசிச்சாரா?"

"வாசிச்சாருங்ணா."