வாத்து சுடப் போன கதை

மாப்ளே,

எட்டு மாதமாகக் கடிதமும் இல்லை போனும் இல்லை என்று நீ அக்காவிடம் புலம்பியது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. வேலை, பனி, பாப்பாவின் பள்ளிக்கூடம் என்று வழக்கமான பொய்களை அடுக்கலாம். விஷயம் அதுவல்ல. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னால் காறித் துப்புவாய் என்று தெரியும், அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன். போன நவம்பரில் நான் வாத்து வேட்டைக்குப் போனேன். சரி, எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மீதியைப் படி.

துப்பாக்கியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது, படகு இழுக்க ஆள் வேண்டும் என்றார். நீ வீடியோவில் பார்த்துவிட்டு, நம் கணக்கு வாத்தியாரே வெள்ளைக்காரராகப் பிறந்து வந்திருக்கிறார் என்றாயே, அவர்தான். மகன் மில்வாக்கியில் இருக்கிறான், வேட்டை என்றாலே ஓடுகிறான். எனக்கு மறுக்கத் தெரியாது என்பதுதான் உனக்கே தெரியுமே, சைக்கிள் கதையை மறுபடி ஆரம்பிக்காதே.

இடம், இங்கே அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்து ஹாரிகான் சதுப்பு நிலம். உன் வேடந்தாங்கல் ஏரி 74 ஏக்கர், இது 30,000 ஏக்கருக்கு மேல். மார்புவரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, கோரைக்குள் படகைச் செருகி, பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. தலைக்கு மேல் சிறகுச் சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, பெரியவர் கைக்கடிகாரத்தையே பார்க்கிறார். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதுதான் சுடலாமாம், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் சுட்டாலும் குற்றம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆறு வாத்து. அதில் மல்லார்ட் என்ற இனம் நாலுக்கு மேல் கூடாது, அந்த நாலில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. அரை வெளிச்சத்தில் பறக்கிற பறவையைப் பார்த்து இன்ன இனம், ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிய வேண்டும். மனுஷன் சொல்கிறார், அதுவும் சிறகடிக்கிற விதத்தை வைத்து! உன்னைத் தவிர இன்னொருத்தர் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏழெட்டு பறவைகளை, 'பெட்டை, போகட்டும்' என்று விட்டுவிட்டார்.

கடைசியில் பச்சைத்தலை ஆண் மல்லார்ட் ஒன்று விழுந்தது. நாய் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தது. வாத்து இன்னும் சூடாக இருந்தது, கழுத்து துணி மாதிரி தொங்கியது. எனக்கு வயிற்றைப் பிரட்டியது, ஒத்துக்கொள்கிறேன். அப்போதுதான் காலில் வளையத்தைப் பார்த்தார். ஆரஞ்சு நிறக் காலில் தேய்ந்துபோன அலுமினிய வளையம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உதடு அசைய ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. குளிர் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தது நான்தான், அவருக்கு அது வராது. ஒரு சான்றிதழ் வந்தது. இந்த வாத்து கனடாவில் சஸ்காட்சுவானில் இரண்டு வருடம் முன்பு ஆகஸ்டில் வளையமிடப்பட்டது. சும்மா பெருமைக்கு இல்லை மாப்ளே. எத்தனை வாத்துக்கு வளையம் போட்டோம், அதில் எத்தனை சுடப்பட்டது என்று தெரிந்தால்தான் எத்தனை பிழைக்கிறது என்று கணக்குப் போட முடியும், அடுத்த வருடம் வரம்பு நாலா இரண்டா என்று முடிவு செய்ய அதுவும் உதவுகிறது. சுட்டவன் எண்ணைச் சொல்லாவிட்டால் கணக்கில் பெரிய ஓட்டை. வளையத்தை அவர், வாத்தைக் கூப்பிடுகிற ஊதல் கோத்த கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். அந்தக் கயிற்றில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன, நாற்பது வருடத்துக்கு.

இந்த வளையத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் சொல்லு. எட்டாம் வகுப்புச் சுற்றுலா, முதலைப் பண்ணை. இருளர் பெரியவர் நல்ல பாம்பின் பல்லை ஜாடி விளிம்பில் பதித்து விஷம் எடுத்தார், நீ பொத்தென்று விழுந்தாய், அதற்கப்புறம் யாரும் பாம்பைப் பார்க்கவில்லை. விஷம் எடுத்த பாம்பின் அடிவயிற்றுச் செதிலைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விடுவோம், அதையே சீக்கிரம் மறுபடி பிடித்துவிடக் கூடாதே என்று சொன்னார். தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தப் பிழைப்பு போனபின், 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷத்துக்கு மாறினார்கள். அவர்களில் இரண்டு பேரை 2017-ல் ஃப்ளோரிடாவுக்கே கூப்பிட்டார்கள், அங்கே பெருகிப்போன பர்மா மலைப்பாம்பைப் பிடிக்க. வேட்டைக்காரனுக்குத் தெரிகிற மாதிரி அந்த உயிரை வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் உயிரோடு விட்டார், இவர் சுட்டார், இரண்டும் ஒன்றா என்று கேட்பாய். ஒன்றில்லை. மேலே படி.

பணத்துக்கு வருகிறேன். இங்கே பதினாறு வயது நிரம்பிய யார் வாத்து சுடப் போனாலும் ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும். தபால் தலை மாதிரியே இருக்கும், ஆனால் கடிதத்தில் ஒட்ட முடியாது. 1934-ல் ஆரம்பித்தது. வறட்சி, வயலாக்கக் காயவைத்த சதுப்பு எல்லாம் சேர்ந்து வாத்து அழிந்துகொண்டிருந்த காலம். அதைத் தடுக்கிற வேலையை அரசு யாரிடம் கொடுத்தது தெரியுமா, அரசைக் கிண்டலடித்துப் படம் போட்டுக்கொண்டிருந்த 'டிங்' டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்டிடம்! முதல் ஸ்டாம்பின் படத்தையும் அவரே வரைந்தார். அன்று ஒரு டாலர், இன்று 25. ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராகச் சதுப்பு நிலத்தைக் காக்கப் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்புறம் 1937-ல் இன்னொரு சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுகிற வரி (இப்போது 10, 11 சதவீதம்) மாநிலங்களின் வன உயிர்களுக்கு என்று. வேட்டைக்காரர்களே ஆதரித்த சட்டம். நம் ஊரில் யாராவது தன் மேல் விழுகிற வரிக்கு ஆதரவாகப் போய் நின்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு மாதம் நான் மதம் மாறியவன் மாதிரித் திரிந்தேன். அலுவலகத்தில் இரண்டு பேர் என்னைக் கண்டால் வேறு பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

பிறகுதான் இறங்கியது. இதே விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் ஓநாய் வேட்டை வைத்தார்கள். வரம்பு 119. மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை, 218 விழுந்துவிட்டது. அதைச் செய்தவர்களும் வேட்டைக்காரர்கள்தான், லைசென்ஸ் வாங்கியவர்கள்தான். பெரியவரிடம் கேட்டேன். 'அவனுகளைப் பத்திப் பேசாதே' என்று பொருள்படும் ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. ஈய ரவை இன்னொன்று, தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குண்டு. பல காலம் ஈய ரவையைத்தான் சுட்டார்கள், சேற்றில் விழுந்ததைத் தின்ற வாத்து, அந்த வாத்தைத் தின்ற கழுகு என்று எத்தனையோ விஷமேறிச் செத்தன. 1991-ல் நாடு முழுக்க வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது, எஃகு மாதிரி விஷமில்லாத ரவைதான் என்று ஆனது. அப்போது நானும் முணுமுணுத்தேன் என்று பெரியவரே சொன்னார்.

இதைவிட ஒன்று இருக்கிறது, அதுதான் தூங்கவிடாதது. அந்த வரி வேட்டைத் துப்பாக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. இப்போது துப்பாக்கி வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் வேட்டைக்காக வாங்காதவர்கள், பலர் பயத்தில் வாங்குகிறவர்கள். கொரோனா வருடத்தில் விற்பனை எகிறியது, பின்னாலேயே வன உயிர்களுக்கான பணமும் எகிறியது. பாப்பாவின் பள்ளியில், யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் என்ன செய்வது என்று, வருடத்துக்கு இரண்டு தடவை விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பழக்குகிறார்கள். போன வாரம் சோபாவுக்குப் பின்னால் தன் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து 'உஷ்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் விற்கிற கடையிலிருந்துதான் சதுப்புக்கும் காசு வருகிறது. இதை எந்தப் பக்கம் வைத்து எண்ணுவது? நீ கணக்கில் புலி, சொல்லு.

ஸ்டாம்ப் பக்கம் வேறு கவலை. பெரியவர் மாதிரி ஆட்கள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள், மகன்கள் வருவதில்லை. ஏரிக் கரையில் பைனாகுலரோடு நிற்கிற உன்னைப் போன்றவர்கள் இங்கே கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களும் வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் கட்டாயம் இல்லாததால் பலர் வாங்குவதில்லை. பறவையைச் சுடுகிறவன் காசு கொடுக்கிறான், பார்க்கிறவன் படம் எடுத்துக்கொண்டு போகிறான். கோபப்படாதே. உன் ஊர்க்காரர்கள் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து தலைமுறை தலைமுறையாகக் கொக்கைக் காத்தார்கள், அதிலும் ஒரு கணக்கு இருந்தது இல்லையா?

ஜூலை பிறந்ததும் தபால் ஆபீசுக்குப் போய் இந்த வருட ஸ்டாம்பை வாங்கிவிட்டேன். சுடுவதற்கு இல்லை. குறுக்கே கையெழுத்துப் போட்டால்தான் வேட்டைக்குச் செல்லும், நான் போடவில்லை, பர்சில் அப்படியே இருக்கிறது. பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டுப் போனார். நவம்பரில் படகு இழுக்க வருவாயா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நம் கூட்டாளி ஒட்டடை இன்னும் அந்தப் பெண் வீட்டோடு பேசுவதில்லையா? ஜனவரியில் ஏரியில் ஊசிவால் வாத்து எத்தனை எண்ணினாய் என்று கட்டாயம் எழுது. இங்கேயும் அதே ஊசிவால் வருகிறது, அன்று ஒரு கூட்டம் போனபோது உன் பெயரைச் சொன்னேன், பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வாத்தைத் தின்றாயா என்று கேட்பாய். தின்றேன், மிளகு போட்டு. எஃகு ரவை ஒன்று கடைவாயில் சிக்கிப் பல் விண்டுவிட்டது. பல் டாக்டருக்குக் கொடுத்த காசில் முப்பது ஸ்டாம்ப் வாங்கியிருக்கலாம். சந்தோஷமா?

உன்,
கண்ணாடி