புருஷன் கையெழுத்து எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கருக்கலைப்புச் சட்டம் மக்கள் கருத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுரையாளர் சொல்லும் கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ஓட்டுப்பெட்டி வரை போகிறது. கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்று சொன்ன பழைய ரோ தீர்ப்பை 2022 ஜூனில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது. ஆகஸ்டிலேயே கான்சாஸ் மக்கள் சுமார் 59 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு, தங்கள் மாநிலத்தில் அந்த உரிமையைப் பறிக்க வந்த திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். ஃபுளோரிடாவில் 2024-இல் அந்த உரிமைக்கு 57 சதவீதம் ஆதரவு கிடைத்தும், 60 வேண்டும் என்ற விதியால் பலிக்கவில்லை. ஆக, பாதிக்கு மேல் ஆள் இருந்தாலும் சட்டம் வேறு பக்கம் நிற்கும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

இங்கே நம்மிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கண்ட இடத்தில் கலைக்கப் போய்ப் பெண்கள் சாவதைப் பார்த்து, கலைப்பதைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்று அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு பரிந்துரைத்தது. 1971-இல் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் ஏப்ரலில் அமலானது. அன்றைக்கு எங்கள் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தால், அம்மன் கோயில் தெருவானாலும் மாதா கோயில் தெருவானாலும் பாவம் என்ற ஒரே பதில்தான் வந்திருக்கும். 2021 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சில வகைப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர் கருத்தோடு 24 வாரம் வரை. கருத்தடை தவறியதைப் பற்றிய விதியில் ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று மாற்றினார்கள். கல்யாணம் ஆகாதவர்களையும் அந்த 24 வாரத்திலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, தாராளமான சட்டம்தான். ஆனால் சாவி பெண்ணின் கையில் இல்லை, மருத்துவர் கையில் இருக்கிறது. கலைக்கலாம் என்று அவர் கருத வேண்டும். அவரும் இந்த ஊரில், இந்தப் பேச்சுகளுக்கு நடுவே வளர்ந்தவர்தானே? டெல்லியில் கேட்காத மக்கள் கருத்தை ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் கேட்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். இரண்டு குழந்தைக்காரி, இளையது பால்குடி மாறவில்லை. கருத்தடைக்கு வைத்த காப்பர்-டி நழுவி, ஏழு வாரக் கரு. புருஷன் ஆழ்கடல் படகில் போயிருக்கிறார். கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போன ஆஸ்பத்திரியில், “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் வந்து நின்றாள். “சிஸ்டர், ஒப்பு போட அவரு கரையிலயா நிக்காரு?”

சட்டப்படி அந்தச் சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து மட்டும் போதும். 18 வயது ஆகாதவர், மனநலம் சரியில்லாதவர் என்றால்தான் காப்பாளர் கையெழுத்து. நான் போய்ப் பேசியும், “பின்னால பிரச்சினை வந்தா?” என்பதுதான் பதில். படகு கரைக்கு வந்தபோது பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையோடு முடிந்திருக்கும். அவளோ வார்டில் படுக்க வேண்டி வந்தது.

இதில் நான் மறக்காதது அவள் மாமியாரை. ஜெபக் கூட்டத்தில் கருக்கலைப்பைக் கொலை என்று பேசுகிற மனுஷி. அன்று மருமகளின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அவளோடு வரிசையில் நின்றார். கருத்துக்கணிப்பு எடுக்கிறவர் இந்த அம்மாவை எந்தக் கட்டத்தில் டிக் செய்வார்? பொதுவாகக் கேட்டால் ஒரு பதில், தன் வீட்டுப் பெண் என்று வந்தால் வேறு பதில். அயர்லாந்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 1983-இல் தடைக்கு 67 சதவீதம் ஓட்டுப் போட்ட நாடு. 2012-இல் அங்கே வாழ்ந்த கர்நாடகத்துப் பெண் சவிதா, 17 வாரத்தில் கரு நிற்காது என்று தெரிந்தும் கலைக்க மறுக்கப்பட்டு, கிருமித் தொற்றில் இறந்தார். அந்த முகத்தைப் பார்த்த நாடு 2018-இல் 66 சதவீத ஓட்டில் தடையை எடுத்தது.

நம் மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்கேன் சென்டர் தோறும் ‘ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம்’ என்று பலகை. அது வேண்டிய பலகைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, கலைப்பதே குற்றம் என்று நம்பிக் கொண்டிருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம், இதை மட்டும் யாரும் படிக்கத் தரவில்லை.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில், அரசு ஆஸ்பத்திரியாவது இன்னொன்றை மாட்டலாம்: ‘18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவர் கையெழுத்தே போதும்.’ தமிழில், பெரிய எழுத்தில், சீட்டு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற மாதிரி.

— ஓய்வு பெற்ற செவிலியர், குளச்சல் பக்கம்
(பெயரைப் போட வேண்டாம்)