கூரையைப் பிரித்த நான்கு பேர்

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்து இப்போது படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். மகள் விடுதிக்குப் போனபிறகு வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். எனக்கு நேர்மாறு. ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினொரு பேர், எல்லாருக்கும் 12 முதல் 14 வயது. சின்னப் பிள்ளைகள் என்றால் படம் வரையக் கொடுத்துச் சமாளிக்கலாம். இவர்கள் கேள்வி கேட்கிறார்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு இன்னும் பயம்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் அந்த வகுப்புதான். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று அங்கே கிளம்பிவிட்டது. அதற்கு வருகிறேன், முதலில் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

மாற்கு 2-ஆம் அதிகாரம் எடுத்தேன். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசல்வரைக்கும் கூட்டம், கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள், உள்ளே போக வழியில்லாமல் கூரையைத் திறந்து படுக்கையோடு இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். நமக்கு மனப்பாடமான கதை என்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன். அந்த ஊரில் தோண்டி எடுத்த பழைய வீடுகளெல்லாம் கறுப்புக் கல்லால் கட்டியவை, சின்னச் சின்ன அறைகள். மேலே மரச்சட்டம், அதன்மேல் கிளையும் நாணலும் பரப்பி மண் பூசிய கூரை. தமிழில் "மேற்கூரையைப் பிரித்து" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் தோண்டினார்கள் என்றே பொருள்படும் சொல். அப்படியானால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில், ஏன், இயேசுவின் தலையிலும் மண் கொட்டியிருக்கும் என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பொடியன், "டீச்சர், அந்தக் கூரையை அப்புறம் யார் சரி பண்ணினது?" என்றான். வேதத்தில் இல்லையே என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. போகும்போதும் அதையே கேட்டான்.

அடுத்து ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "அந்த ஆளுக்குக் கால்தானே சரியாகணும்? பாவத்தைப் பத்தி யார் கேட்டாங்க?"

பார், நாற்பது வருஷமாக இந்தப் பகுதியை வாசிக்கிறேன், பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சுமந்து வந்தவர்கள் கேட்டது சுகம். முதலில் கிடைத்தது, "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது." அந்த நால்வரும் கூரை மேலிருந்து ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள், இதற்கா இவ்வளவு தோண்டினோம் என்று.

என் ஊகத்தைப் பிள்ளைகளிடம் சொன்னேன், ஊகம் என்றே சொன்னேன். அந்தக் காலத்தில் ஒருவனுக்கு வியாதி என்றால் அவன் ஏதோ செய்திருக்கிறான் என்று நினைப்பது வழக்கம். சீஷர்களே பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்களே. "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு வெட்டிச் சொன்னார். படுக்கையில் கிடந்த இந்த மனுஷனும் எத்தனை வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் என்னால்தான் என்று புழுங்கினானோ. கால் எழுந்து நடந்தாலும் அந்தப் புழுக்கம் கூடவே நடந்து போயிருக்கும். அதனால்தான் முதல் வார்த்தை "மகனே" என்று வந்தது என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

பிறகு, பாவத்தை மன்னிக்க இவர் யார் என்று மனதுக்குள் குறைசொன்ன வேதபாரகரிடம், அதாவது வேதம் படித்த பண்டிதர்களிடம், "எது எளிது?" என்று இயேசு கேட்ட கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டேன். மன்னிக்கப்பட்டது என்று சொல்வதா, எழுந்து நட என்று சொல்வதா? பெரும்பாலானவர்கள், மன்னிக்கப்பட்டது என்று சொல்வதுதான் சுலபம், யாரும் சோதித்துப் பார்க்க முடியாதே என்றார்கள். சாமர்த்தியமான பதில். ஒருவன் மட்டும், "எங்க அண்ணன்கிட்ட அதைச் சொல்றதுக்கு நான் நொண்டியாவே இருந்துடுவேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து ஒரு பையன் பெஞ்சுகளை அடுக்குகிறேன் என்று சாக்குச் சொல்லி நின்றான். அவனுடைய அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஜெபிக்க வந்த யாரோ, உன் விசுவாசம் போதாது, அதனால்தான் இன்னும் சுகமாகவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். 13 வயதுப் பையனிடம்! ராத்திரி ஜெபிக்கும்போது நடுவில் ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டால் முதலிலிருந்து மறுபடி ஜெபிக்கிறானாம். தூங்க ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறதாம்.

என்னால் நிற்க முடியவில்லை. அவனை உட்காரச் சொல்கிறமாதிரி நானும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அவனுக்கு என்ன சொன்னேன் என்பதை முதலில் எழுதுகிறேன். அதே மாற்கு 2-ஐத் திறந்து, "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற இடத்தில் விரலை வைக்கச் சொன்னேன். யாருடைய விசுவாசம்? சுமந்தவர்களுடையது. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே இல்லை. அப்பாவைப் படுக்கையோடு நீ ஒருத்தனாகச் சுமக்க வேண்டாம், நான்கு மூலை இருக்கிறது, ஒன்றை நான் பிடிக்கிறேன் என்றேன். சந்தேகம் வந்தால் ஜெபத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னேன். மாற்கு 9-இல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் கொட்டுகிறானே! அவன் பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது. அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சுகம் கிடைக்காதவர்களையும் காட்டினேன். அதை மறைப்பது அவனுக்குச் செய்யும் துரோகம். அப்போஸ்தலன் பவுல் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடே விட்டுவிட்டு வந்தார். அவரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, அடிக்கடி பலவீனம். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன உபாதை நீங்க மூன்று தடவை வேண்டிக்கொண்டார், வந்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று கேட்டேன். பையன் ரொம்ப நேரம் யோசித்து, "பவுலுக்கேவா?" என்றான். பவுலுக்கேதான். அப்பாவுக்கு மருந்து கொடுப்பதும் அவிசுவாசம் இல்லை. சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தபிறகும், பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசிதான். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்.

அந்த வாரமே அவன் அம்மாவிடமும் பேசினேன். ராத்திரி இப்போது கொஞ்சம் தூங்குகிறானாம். அப்பாவின் உடல்நிலையில் மாற்றமில்லை.

இனி நம் கதை. நமக்கும் அப்போது 13 வயது. வியாதியாய்க் கிடந்த உன் தம்பிக்காக நீயும் நானும் முழங்காலில் நின்றோம், பள்ளி விட்டதும் தினமும். அவன் இறந்துபோனபிறகு, நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, உன்னிடம் நான் சொன்னேன்: "நீ நடுவுல சந்தேகப்பட்டேடி, அதான்." நீ ஒன்றும் சொல்லவில்லை. ஜடைப்பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதன்பின் நீ சபைக்கு வராமல் போன அந்த நான்கு வருஷத்துக்கும் ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். நானும் அவர்களோடு தலையாட்டினேன்.

சின்னப் பிள்ளை, பெரியவர்கள் பேசியதைக் கிளிப்பிள்ளைபோல் சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். அது உண்மையும்தான். ஆனால் சொன்னது என் வாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு ஜெபித்தும் கேட்கப்படவில்லையே என்ற ஆத்திரத்தை ஆண்டவர்மேல் காட்டப் பயந்துபோய் உன்மேல் காட்டினேன். அது பொய், கொடுமையான பொய். என்னை மன்னித்துவிடு.

நீ ஒருநாளும் இதைப் பற்றிப் பேசினதில்லை. எப்போதோ மன்னித்துவிட்டாயோ, மறந்துவிட்டாயோ, உள்ளே போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாயோ தெரியவில்லை. பதிலில் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்படிச் சொல்ல வைத்ததும் வகுப்புதான்.

அடுத்த வாரம் மத்தேயு 18 நடத்தினேன். பெரிய கடனை ராஜா மன்னித்துவிட்ட ஒருவன், தனக்குச் சின்னக் கடன் பட்டவனை மன்னிக்காமல் பிடித்துச் சிறையில் போட்ட உவமை. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனையும் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனையும் கணக்குப் போட்டோம். ஒரு பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். முதலாமவன் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் நூறு பணத்தை நாம் எப்போதும் 'வெறும் நூறு' என்று தட்டிவிட்டுப் போகிறோம். அதுவும் நூறு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வீடு சாப்பிடும் காசு. மன்னிக்கச் சொன்ன ஆண்டவர் அதை அற்பம் என்று சொல்லவில்லை. பட்டவர்களுக்குத்தான் தெரியும் நூறு பணம் எவ்வளவு என்று.

அன்றைக்கு ஒரு பிள்ளை கேட்டது: தன்னைப் பற்றி வகுப்பு முழுக்க அசிங்கமாகப் பேசிப் பரப்பிய தோழியை மன்னித்துவிட்டால், மறுபடி அவள் பக்கத்திலேயே உட்கார வேண்டுமா? அண்ணன்மார்களே அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பைப் பார் என்றேன். விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மார்களுக்கு, அங்கே அதிகாரியாகிவிட்ட அவன் தன்னை யாரென்று சொன்னபோது 39 ஆகியிருக்கும். எதிரில் வந்து நின்றவுடனே அவன் கட்டிப்பிடித்து அழவில்லை. அண்ணன் சிமியோனைக் காவலில் வைத்தான், தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப்பாத்திரத்தை ஒளித்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று இன்னொரு அண்ணன் யூதா சொன்னபிறகுதான் உடைந்து அழுதான். விற்றுவிடலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னதும் அதே யூதாதான். மன்னிப்பை மனதில் கொடுக்கலாம். நம்பிக்கை திரும்ப நாளாகும், சிலரிடம் திரும்பாமலும் போகும். யாராவது உன்னை அடித்தாலோ தப்பாகத் தொட்டாலோ அங்கே மன்னிப்பு என்று சொல்லி வாயை மூடக் கூடாது, உடனே பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னேன். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லவேண்டும்போல் இருக்கிறது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது கடைசிப் பகுதி. அவர்களுடைய அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்தபின், அண்ணன்மார்கள் மறுபடி பயந்துபோய், எங்களை மன்னிக்கும்படி அப்பா சொல்லியிருக்கிறார் என்று ஆள் அனுப்புகிறார்கள். யோசேப்பு அழுதான். 17 வருஷம் அவன் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டும், மன்னித்துவிட்டான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. பிள்ளைகளிடம் விசுவாசம் என்றால் மலையைப் பெயர்ப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இப்போது, மன்னிக்கப்பட்டிருக்கிறேன் என்று நம்பிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய விசுவாசமாகத் தெரிகிறது. உன்னோடு எத்தனை தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன், ஓரமாக, அந்த அண்ணன்மார்களைப்போல.

மகளுக்கு என் அன்பைச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள், சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதே, நீ விடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனின் அப்பாவை உன் ஜெபத்தில் வைத்துக்கொள், மூன்றாவது மூலைக்கு ஆள் தேவைப்படுகிறது.

கூரைப் பொடியன் இன்னும் விடவில்லை. போன ஞாயிறும் கேட்டான். அந்த நால்வரில் ஒருவன் மறுநாள் காலையில் மண்ணும் நாணலும் சுமந்துகொண்டு வந்திருப்பான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன்,
முன் பெஞ்சுத் தோழி